எரிச்சவரும் எழுதி வெச்சவரும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க. நடுவில் டெக்னிக்கலா ரெண்டு மூணு பத்தி வரும், பயப்பட வேண்டாம்.

நம்மூர் சர்ஜன் வீட்டு வாசல் போர்டில் எம்.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் எஃப்.ஆர்.சி.எஸ். என்று நாலு எழுத்து இருந்தால் அதுக்கு ஒரு தனி கெத்து உண்டு. அந்த 'சி' காலேஜைக் குறிக்கும். ஆனால் அது நாம சேர்ந்து படிச்சு அரியர் வைக்கிற மாதிரியான காலேஜ் இல்லை. தொழில்காரர்களின் சங்கம். பரீட்சை வைப்பார்கள், உறுப்பினர் ஆக்குவார்கள், தொழிலுக்கு இது தகும் இது தகாது என்று சொல்வார்கள். எடின்பரோவில் ஒன்று, கிளாஸ்கோவில் ஒன்று, லண்டனில் ஒன்று என்று தனித்தனியாக உண்டு. இந்தப் பதிவு லண்டன்காரர்களைப் பற்றியது. இங்கிலாந்து ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ்.

இவங்க பூர்வீகம் சுவாரசியமானது. 1540இல் முடிவெட்டுகிறவர்களையும் சர்ஜன்களையும் ஒரே சங்கமாகச் சேர்த்து இங்கிலாந்தில் சட்டம் போட்டார்கள். ரெண்டு பேர் கையிலும் கத்தி, அவ்வளவுதான் லாஜிக். 1745இல் சர்ஜன்கள் தனிக்குடித்தனம் போனார்கள். 1800இல் ராஜ பட்டயம் கிடைத்தது. 1843இல் 'இங்கிலாந்து' என்ற பெயரும், அந்த எஃப்.ஆர்.சி.எஸ். பட்டமும் வந்தன. முதல் தவணையில் 300 பேர்.

இப்படிப்பட்ட ஒரு சங்கத்திடம் என்னவெல்லாம் சேரும் என்று யோசியுங்க. மினிட் புத்தகம், சந்தா கணக்கு, சண்டைக் கடிதங்கள், செத்துப்போன சர்ஜன்களின் நோட்டுப்புத்தகங்கள், நோயாளிகள் பற்றிய குறிப்புகள், படங்கள். இதெல்லாம் ஆவணக் காப்பகத்தில் இருக்கு. அந்தக் காப்பகத்தின் கேட்லாகில் வீட்டில் உட்கார்ந்தபடியே யார் வேண்டுமானாலும் தேடலாம். நான் ஒரு மூணு வாரமா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன். வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். :-)

ஆரம்பிச்சு வெச்சது சார்லஸ் பைர்ன். அயர்லாந்துக்காரர், 1761இல் பிறந்தவர். 7 அடி 7 அங்குல உயரம். 1782இல் லண்டனுக்கு வந்து, காசு வாங்கிக்கொண்டு தன்னையே காட்சிக்கு வைத்துப் பிழைத்தார். மறு வருஷமே, 22 வயசில் செத்துப்போனார். தன் உடம்பு சர்ஜன்கள் கையில் சிக்கக் கூடாது, கடலில் போட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. சிக்கிவிட்டது. ஜான் ஹன்டர் என்ற பெரிய சர்ஜன் காசு கொடுத்து வாங்கி, எலும்புக்கூடாக்கி, தன் மியூசியத்தில் நிறுத்திவிட்டார். ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஹன்டர் ஓவியத்தில் மேல் மூலையில் ஒரு ஜோடி எலும்புக்கால்கள் தொங்கும், பார்த்திருக்கலாம். அது பைர்னின் கால்.

அந்த எலும்பால் மருத்துவத்துக்குப் பிரயோஜனமே இல்லை என்று சொல்ல முடியாது. 1909இல் மண்டை ஓட்டைத் திறந்து பார்த்து, பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழி பெரிதாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2011இல் அவர் பல்லிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அந்த உயரத்துக்குக் காரணமான மரபணு மாற்றத்தையும் சொன்னார்கள். ஆனாலும் ஒரு மனுஷன் வேண்டாம் என்று சொன்னதைத்தானே இருநூறு வருஷத்துக்கும் மேலாகச் செய்தார்கள்? 2023இல் ஹன்டேரியன் மியூசியத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்கென்று வைத்துக்கொண்டார்கள், கடலுக்கு அனுப்பவில்லை.

சரி, இந்த ஆளைப் பற்றிக் காகிதத்தில் என்ன இருக்கு பார்ப்போம் என்றுதான் தேட ஆரம்பித்தேன். இங்கேதான் முதல் பாடம்.

கூகுள் பழக்கத்தில் கேட்லாகுக்குள் போனால் தலை சுத்தும். கூகுள் பக்கத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடும். கேட்லாக் பெட்டிக்குள் இருக்கும் எழுத்தைத் தேடாது, பெட்டிக்கு மேல் ஒட்டின சீட்டைத்தான் தேடும். அந்தச் சீட்டை எழுதினவர் ஒரு ஆவணக் காப்பாளர். அவர் எந்த வார்த்தையைப் போட்டாரோ அது கிடைக்கும், போடாதது கிடைக்காது. நூறு பக்க நோட்டுக்கு ரெண்டு வரி சீட்டு இருந்தால், மிச்சம் தொண்ணூற்றெட்டு பக்கத்தில் என்ன இருந்தாலும் தேடுபொறிக்குத் தெரியாது.

அதனால் இன்றைய வார்த்தையில் தேடக் கூடாது, அன்றைய வார்த்தையில் தேட வேண்டும். நோயாளி பெயர் தெரிந்தாலும் அவர் ஊருக்கு எந்தப் பெயரில் தெரிந்தார் என்று யோசிக்க வேண்டும். பைர்ன் 'ஐரிஷ் ராட்சசன்' என்ற பட்டத்தில் வருவார். ஓ'பிரையன் என்ற பெயரையும் அவர் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் ஓ'பிரையன் என்று போட்டால் இன்னொரு சிக்கல். பேட்ரிக் காட்டர் என்று இன்னொரு அயர்லாந்து உயரக்காரரும் அதே ஓ'பிரையன் பெயரில் ஷோ நடத்தினார். 1806இல் பிரிஸ்டலில் இறந்தார். பைர்னுக்கு நடந்தது தனக்கு நடக்கக் கூடாது என்று, பாறைக்குள் ஆழமாகத் தோண்டிப் புதைக்கச் சொல்லிவிட்டுத்தான் செத்தாராம். ஒரே பெயர், ரெண்டு ஆள். நம்ம பாஷையில் சொன்னால் பிரைமரி கீ இல்லாத டேபிள்.

இன்னொரு விஷயமும் உறைக்க ஆரம்பித்தது. இந்தக் கேட்லாகில் பெயர்கள் இரண்டு விதமாக வருகின்றன. எழுதினவராக வருவது ஒன்று. எழுதப்பட்டவராக வருவது இன்னொன்று. சர்ஜன்கள் முதல் வகை. பைர்ன் அந்த நிறுவனத்தின் ஏடுகளில் நுழைந்ததே பொருளாகத்தான், ஆளாக அல்ல. அவர் வேண்டாம் என்று சொன்னதைக்கூட அவர் கையெழுத்தில் நாம் படிக்கவில்லை, அந்தக் காலத்துச் செய்தித்தாள்காரர்களும் மற்றவர்களும் சொல்லித்தான் தெரியும்.

அடுத்து ஹன்டர் பெயரைப் போட்டேன். இங்கேதான் மேட்டர் வேறு பக்கம் திரும்பியது.

ஹன்டர் சாதாரண ஆள் இல்லை. 1728இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, இருபது வயசில் லண்டன் வந்து, அண்ணன் வில்லியமின் உடற்கூறு வகுப்பில் எடுபிடியாக ஆரம்பித்தவர். சர்ஜரியை அனுபவத் தொழிலிலிருந்து சோதனை செய்து பார்க்கும் அறிவியலாக மாற்றியவர்களில் முக்கியமானவர். மனுஷன், மிருகம், பறவை, மீன் என்று கிட்டத்தட்ட 14,000 மாதிரிகள் சேர்த்தார். பார்த்ததை எல்லாம் எழுதியும் வைத்தார், கட்டுக்கட்டாக. அதில் அச்சுக்குப் போனது ஒரு பங்குதான்.

அப்பேர்ப்பட்ட ஆள் பெயரைப் போட்டால் அவர் கையெழுத்தில் மலையாகக் குவிய வேண்டும். குவியவில்லை. திரும்பத் திரும்ப இன்னொரு பெயர் எட்டிப் பார்க்கிறது. ஹன்டர் எழுதியது, நகல் எடுத்தவர் வில்லியம் கிளிஃப்ட். ஹன்டரின் குறிப்பு, கிளிஃப்ட் கையெழுத்தில். யாருய்யா இந்த கிளிஃப்ட்?

கதை இதுதான். 1775இல் கார்ன்வாலில் பாட்மின் ஊர்ப்பக்கம் ஒரு ஏழைக் குடும்பத்தில் ஏழாவது, கடைக்குட்டிப் பிள்ளை. அப்பா மாவுமில்காரர், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பையன் நன்றாகப் படம் வரைவான், கையெழுத்தும் அழகு. அந்த ஊர்ப் பெரிய வீட்டம்மா ஒருத்தர் ஹன்டரின் மனைவிக்குப் பள்ளித்தோழி. அவர் சிபாரிசில் பையன் லண்டன் வந்தான். வந்த தேதி 1792 பிப்ரவரி 14, அவனுடைய 17வது பிறந்தநாள். ஃபீஸ் கிடையாது. அதற்குப் பதிலாக ஹன்டர் சொல்லச் சொல்ல எழுதணும், படம் போடணும், அறுக்கக் கூட நிற்கணும், மியூசியத்தைப் பார்த்துக்கணும்.

ஒண்ணேமுக்கால் வருஷம்கூட முழுசா ஆகவில்லை. 1793 அக்டோபர் 16, ஆஸ்பத்திரி மீட்டிங்கில் ஒரு வாக்குவாதம், ஹன்டர் அங்கேயே மயங்கி விழுந்து இறந்துபோனார். ஏற்கெனவே நெஞ்சுவலிக்காரர். காசு எதுவும் சேர்த்து வைக்கவில்லை, எல்லாம் மாதிரிகளில் போய்விட்டது. உயிலில், மியூசியத்தை முதலில் அரசாங்கத்துக்கு விலை பேசணும் என்று எழுதியிருந்தார். அரசாங்கமோ பிரான்சோடு போரில் இருந்தது. ஆறு வருஷம் இழுத்தடித்து 1799இல்தான் 15,000 பவுண்டுக்கு வாங்கி சர்ஜன்கள் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள்.

அந்த ஆறு வருஷமும் அந்த மியூசியத்தைக் கட்டிக் காத்தது கிளிஃப்ட். வாரம் 7 ஷில்லிங். போர்க்காலம் வேறு, ரொட்டி விலை ஏறிக்கிட்டே போகுது. பாட்டில்களில் ஸ்பிரிட் ஆவியாகாமல் பார்ப்பது, தூசி தட்டுவது, பூச்சி வராமல் காப்பது, இதுதான் வேலை. இதற்கு நடுவில், சம்பளத்தில் சேராத ஒரு வேலையையும் செய்தான். ஹன்டரின் கையெழுத்துப் பிரதிகளை உட்கார்ந்து நகல் எடுத்தான். பக்கம் பக்கமாக. போனவரின் எழுத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னாவது என்ற பயம் அந்த இருபது வயசுப் பையனுக்கு இருந்திருக்கு.

நம்மூரில் 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்' என்பார்கள். இங்கே எழுதினவன்தான் ஏட்டைக் காப்பாத்தினான்.

ஏன்னா அடுத்து வர்றவர் அப்படி. எவரார்ட் ஹோம். ஹன்டரின் மச்சான், மாணவர், உயிலை நிறைவேற்றும் பொறுப்பு பெற்ற இருவரில் ஒருவர். ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் 1807இல் வாங்கினார். 1813இல் பேரனெட் பட்டம். சர்ஜன்கள் காலேஜின் தலைவராகவும் இருந்தார். மியூசியத்தைக் கொடுக்கும்போது அரசாங்கம் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, முறையான கேட்லாக் தயாரிக்க வேண்டும் என்பது. கவனிங்க, இந்தக் கதையில் எல்லாப் பிரச்சினையும் ஒரு கேட்லாகில்தான் ஆரம்பிக்குது. கேட்லாக் நான் எழுதித் தர்றேன் என்று சொல்லி ஹன்டரின் கையெழுத்துப் பிரதிகளை ஹோம் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். வருஷங்கள் ஓடின. கேட்லாக் வரவில்லை. ஹோம் பெயரில் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரைகள் மட்டும் வரிசையாக வந்தன, தொண்ணூறுக்கும் மேலே.

1823 ஜூலையில் ஹோம் போகிற போக்கில் கிளிஃப்டிடம் சொன்னாராம், வீட்டுப் புகைபோக்கியில் தீப்பிடித்துவிட்டது, தீயணைக்க ஆள் வரவேண்டியதாகிவிட்டது என்று. எதனால் தீ? ஹன்டரின் காகிதங்களை எரித்ததால். கேட்டதற்கு, ஹன்டரே எரிக்கச் சொல்லியிருந்தார் என்பது பதில். செத்து முப்பது வருஷம் கழித்து!

அந்த வருஷம்தான், மே மாதம், கிளிஃப்டுக்கு ராயல் சொசைட்டி உறுப்பினர் பட்டம் கிடைத்தது. பள்ளிப் படிப்புக்கே வழியில்லாத மாவுமில்காரர் மகனுக்கு. சந்தோஷம் ரெண்டு மாசம்தான் நீடித்தது. தன் மகனுக்கு அவர் வைத்திருந்த பெயர் வில்லியம் ஹோம் கிளிஃப்ட் என்பதையும் சேர்த்துப் படிங்க. அவ்வளவு மரியாதை வைத்திருந்த ஆள் செய்த வேலை இது.

ஹோம் ஏன் எரித்தார்? ஹன்டரின் கண்டுபிடிப்புகளைத் தன் பெயரில் போட்டுவிட்டு, தடயத்தை அழித்தார் என்பதுதான் பலருடைய முடிவு. நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்கும்போது இன்னொன்று தோன்றியது. நாம ரெண்டு கோப்புகளை ஒப்பிட்டு எந்த வரி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் ரெண்டு கோப்பும் வேண்டும். ஒன்றை அழித்துவிட்டால் திருட்டை நிரூபிக்க முடியாது, சரி. ஆனால் திருடவில்லை என்றும் நிரூபிக்க முடியாதே. அந்தத் தொண்ணூற்றுச் சொச்சம் கட்டுரைகளில் ஹோம் தானே அறுத்து, தானே பார்த்து, தானே எழுதினதும் நிச்சயம் இருக்கும். இன்னைக்கு அதையும் யாரும் நம்பத் தயாரில்லை. தனக்கு எதிரான சாட்சியை எரிக்கும்போது தனக்குச் சாதகமான ஒரே சாட்சியையும் அதே அடுப்பில் போட்டுவிட்டார் மனுஷன்.

இப்போ டெக்னிக்கல் பத்திகள்.

ஆவணக் காப்பகத்தில் அடுக்கும் முறை நூலகம் மாதிரி இல்லை. விஷயவாரியாகப் பிரிக்க மாட்டார்கள். யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரில் மொத்தக் குவியலையும் கலைக்காமல் வைப்பார்கள். 1841இல் பிரான்சில் சுற்றறிக்கை போட்டு ஆரம்பித்த முறை. குவியல், அதற்குள் வரிசை, அதற்குள் கோப்பு, அதற்குள் தனித்தாள். நம்ம ஃபோல்டர் மரம் மாதிரிதான். அதனால் தேடலில் ஒரு தனித்தாள் கிடைத்தால் அதோடு நிற்காதீங்க. ஒரு படி மேலே, இன்னொரு படி மேலே ஏறிப் பாருங்க. அந்தத் தாளுக்குப் பக்கத்தில் என்ன இருக்கு, யார் வைத்திருந்தார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

ஒவ்வொரு படிக்கும் என்னென்ன விவரம் எழுத வேண்டும் என்று ஒரு சர்வதேசத் தரம் உண்டு. ஐசாட்-ஜி என்று பெயர், ரெண்டாம் பதிப்பு 2000இல் வந்தது. மொத்தம் 26 ஃபீல்டு. அதில் 6 ஃபீல்டுதான் இன்றியமையாதவை. குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், தேதி, அளவு, எந்தப் படி என்பது. மிச்சம் இருபதும் தேவைக்கேற்ப.

அந்த மிச்சம் இருபதில் ரெண்டு ஃபீல்டுதான் என்னை உட்கார வைத்தது. ஒன்று, இந்தக் காகிதம் யார் யார் கை மாறி இங்கே வந்தது என்ற வரலாறு. ஹோம் எடுத்துக்கொண்டு போனது, எரித்தது, மிஞ்சினது எப்படித் திரும்பியது எல்லாம் சொல்லத் தகுந்த இடம் அதுதான். தேடல் முடிவுப் பட்டியலில் பெரும்பாலும் அது தெரியாது, உள்ளே போய்க் கீழே உருட்டினால்தான் வரும். முக்கால்வாசிப் பேர் அதற்குள் அடுத்த கிளிக்குக்குப் போயிருப்போம்.

இரண்டாவது, 'மூலப்பிரதி எங்கே இருக்கிறது' என்ற ஃபீல்டு. நகலாக இருக்கும் காகிதத்துக்கு இதை நிரப்ப வேண்டும். மூலம் இப்போது இல்லை என்றால் இல்லை என்று எழுத வேண்டும் என்றே அந்தத் தரத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் ஒரு விஷயம் இருக்கு பாருங்க. எரிந்துபோன காகிதத்துக்குக் குறியீட்டு எண் கிடையாது. பெட்டி கிடையாது, சீட்டு கிடையாது. எத்தனை விதமாகத் தேடினாலும் தேடல் முடிவில் அது வராது. 'இப்படி ஒன்று எழுதப்படவே இல்லை' என்பதற்கும், 'எழுதப்பட்டது, எரிக்கப்பட்டது' என்பதற்கும் தேடல் பெட்டி தரும் பதில் ஒன்றேதான், முடிவுகள் பூஜ்யம். அது இருந்தது என்று சொல்ல மொத்தக் கேட்லாகிலும் இருக்கும் சிறந்த இடம், அதன் நகலுடைய சீட்டு. நகல் இருந்தால் மூலத்துக்கு ஒரு வரி கிடைக்கும். நகலும் இல்லையென்றால் செத்தது செத்ததுதான், செத்தது என்றுகூடத் தெரியாமல்.

அப்படியென்றால் கிளிஃப்ட் காப்பாற்றியது ஹன்டர் எழுதின வரிகளை மட்டும் இல்லை. அது எரிக்கப்பட்டது என்ற உண்மையையும் சேர்த்துத்தான். 1834இல் மருத்துவக் கல்வி பற்றி விசாரித்த பாராளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொல்லப் போனபோது அவருக்கு 59 வயசு. ஹோம் செத்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. ஹோம் செத்த அதே 1832இல்தான் கிளிஃப்டின் மகனும் ஒரு விபத்தில் போனான், முப்பது வயசுகூட முழுசா ஆகாமல். எரித்த கதை அன்றைக்குச் சபைக்குறிப்பில் ஏறியது. நகல்கள் கையில் இல்லாமல் போயிருந்தால், ஒரு பழைய வேலைக்காரனின் புலம்பல் என்று யாராவது ஒதுக்கியிருக்கலாம்.

ஆபீஸிலும் இப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியும். முன்பு இருந்த கம்பெனியில், பத்து வருஷப் பழசு சிஸ்டம் ஒன்றை மூடிவிட்டுப் புதுசுக்கு மாற்றும் வேலை. பழைய டிசைன் டாக்குமென்ட் எல்லாம் இருந்த சர்வரை, இனிமே யாருக்கு வேணும் என்று மேலே இருந்து சொல்லித் துடைத்துவிட்டார்கள். மூணு மாசம் கழித்து வட்டிக் கணக்கில் பைசா இடிக்குது. ஏன் இப்படி ரவுண்ட் பண்ணினாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியலை. கான்ட்ராக்டில் இருந்த ஒரு டெஸ்டிங் அக்கா, எந்த விதி எந்தத் தேதியில் யார் சொல்லி மாறியது என்று அத்தனை வருஷமும் தன் கைப்பட நோட்டில் எழுதி வைத்திருந்தார். யாரும் கேட்டது கிடையாது, அப்ரைசலில் அதற்கு ஒரு மார்க்கும் கிடையாது. அந்த நோட்டு இல்லையென்றால் நாங்கள் அந்த ஏப்ரலைத் தாண்டியிருக்க மாட்டோம். புது சிஸ்டத்தின் டாக்குமென்டில் எங்க மேனேஜர் பெயர் இருக்கு, என் பெயர் இருக்கு. அக்கா பெயர் இல்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்டேன், டெம்ப்ளேட்டில் அதற்கு இடமில்லை என்றார்கள்.

அதனால்தான் கிளிஃப்ட் பெயர் அந்தக் கேட்லாகில் திரும்பத் திரும்ப வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. 'உருவாக்கியவர்' என்ற ஃபீல்டு கருத்துக்குச் சொந்தக்காரரை மட்டும் கேட்பதில்லை. இந்தக் காகிதம் யாரால் உண்டானது என்று கேட்கிறது. நகல் எடுத்தவனுக்கும் அதில் இடம் உண்டு. இருநூறு வருஷம் கழித்து இங்கே உட்கார்ந்து ஹன்டரைத் தேடுகிற ஒருத்தன், அந்த ஏழு ஷில்லிங் பையனைத் தாண்டித்தான் ஹன்டரிடம் போக முடியும்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கிளிஃப்ட் 1842இல் ஓய்வு பெற்று 1849இல் இறந்தார். அவருக்கு உதவியாளராக 1827இல் வந்தவர் ரிச்சர்ட் ஓவன். ஆமாம், டைனோசர் என்ற பெயரை வைத்த அதே ஓவன்தான். கிளிஃப்டின் மகள் கரோலினைக் கட்டிக்கொண்டு மருமகன் ஆனார். அவர்தான் 1861இல் கிளிஃப்டின் நகல்களை வைத்து ஹன்டரின் குறிப்புகளை இரண்டு தொகுதிகளாக அச்சில் கொண்டுவந்தார். ஹன்டர் இறந்து 68 வருஷம் கழித்து.

1941 மே மாதம் லண்டன் மேல் விழுந்த குண்டுகளில் காலேஜ் கட்டிடமும் அடி வாங்கியது. ஹன்டர் சேர்த்த 14,000 மாதிரிகளில் மிஞ்சியது சுமார் 3,500. பாட்டிலுக்கு நகல் எடுக்க முடியாது. காகிதத்துக்கு முடியும்.

கிளிஃப்ட் பற்றித் தேடினபோது கிடைத்த இன்னொன்று. அவரும் ஊரில் இருந்த அக்கா எலிசபெத்தும் மற்ற கூடப்பிறந்தவர்களும் ஒருத்தருக்கொருத்தர் எழுதின கடிதங்கள் நிறையத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அந்தக் காலத்து ஏழைக் குடும்பத்தின் கடிதங்கள் இவ்வளவு மிஞ்சுவது அபூர்வம். சாதாரண ஜனம் எப்படி எழுதினார்கள், எப்படி ஸ்பெல்லிங் போட்டார்கள் என்று பார்க்க மொழியியல்காரர்கள் அதை எடுத்துப் படித்து, புத்தகமாகவே பதிப்பித்திருக்கிறார்கள். மத்தவன் எழுத்தைப் பத்திரப்படுத்தின ஆளுக்குத் தன் வீட்டு எழுத்தைப் பத்திரப்படுத்தும் பழக்கமும் தானா வந்திருக்கு.

ஆனால் இந்த இடத்தில் பைர்ன் திரும்ப வந்து உறுத்துகிறார். ஹன்டரே எரிக்கச் சொன்னார் என்ற ஹோமின் பேச்சை நாம் யாரும் நம்புவதில்லை. சரி, ஒருவேளை உண்மையாகவே சொல்லியிருந்தால்? அப்போதும் எரித்திருக்கக் கூடாது, அறிவுக்கு நஷ்டம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வோம். பைர்ன் தன்னைக் கடலில் போடச் சொன்னதற்கும் ஹன்டர் தரப்பு வாதம் அதேதானே, அறிவுக்கு நஷ்டம்? ஒன்றில் செத்தவர் பேச்சைக் கேட்காதே என்கிறோம், இன்னொன்றில் கேட்டிருக்கணும் என்கிறோம்.

மூணு வாரம் யோசித்ததில் எனக்குத் தோன்றும் வித்தியாசம் ஒன்றுதான். காகிதத்தை நகல் எடுத்தால் மூலத்தின் சொந்தக்காரர் எதையும் இழப்பதில்லை. பைர்னிடமிருந்து எடுத்தது நகல் இல்லை, அவரையேதான். டி.என்.ஏ. எடுத்தாச்சு, ஸ்கேனும் எடுக்கலாம், அளவும் எடுக்கலாம், சீட்டும் எழுதலாம். அந்தச் சீட்டில் 'மூலம் எங்கே' என்ற ஃபீல்டில் 'கடலில்' என்று எழுதிவிட்டுப் போகலாமே? கேட்லாகுக்கு அதனால் ஒரு குறையும் வராது. எதிர்க்கருத்து உள்ளவர்கள், குறிப்பாக டாக்டர் பதிவர்கள், பின்னூட்டத்தில் திட்டலாம். நாளைக்கு வரப்போகும் சோதனை எது என்று இன்றைக்குத் தெரியாது என்பீர்கள். 2011இல் பல்லிலிருந்து வந்தது 1909இல் யாருக்கும் தெரியாதுதான். இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

கடைசியா, தேடிப் பார்க்க நினைக்கும் மக்களுக்குச் சின்னச் சின்ன குறிப்புகள். பெயரை மூணு நாலு ஸ்பெல்லிங்கில் போட்டுப் பாருங்க, பட்டப்பெயரையும் சேர்த்து. நோய்க்கும் ஊருக்கும் அந்தக் காலத்துப் பெயரைப் போடுங்க. முதலில் வருஷத்தைக் குறுக்காதீங்க, தேதி போடாத காகிதம் எல்லாம் விழுந்துவிடும். கிடைத்த சீட்டிலிருந்து மேலே ஏறுங்க. குறியீட்டு எண்ணை அப்படியே எழுதி வெச்சுக்கோங்க, காப்பாளருக்கு மெயில் போட்டால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கை மாறிய வரலாற்றை விடாமல் படிங்க. முடிவுகள் பூஜ்யம் என்று வந்தால் அது பதில் இல்லை, அடுத்த கேள்வி.

நம்ம ஆட்களுக்கு இதைத் தனியாகச் சொல்லணுமா என்ன? யாஹூ குழுமங்களின் பழைய மடல்கள் 2019 டிசம்பரோடு போனபோது மரத்தடியிலும் ராயர் காபி கிளப்பிலும் எழுதின மூத்தவர்கள் பட்ட வருத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அதிலிருந்து யாராவது எதையாவது சேமித்து வைத்திருந்தால், கோப்போடு ரெண்டு வரி சேர்த்து எழுதி வையுங்க. யார் எழுதியது, எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில், மூலம் இப்போ இருக்கா இல்லையா. எடுத்து வைத்த உங்க பெயரையும் கூச்சப்படாமல் போடுங்க.

பி.கு: டெஸ்டிங் அக்காவுக்கு இந்தப் பதிவின் சுட்டியை அனுப்பியிருக்கிறேன். இன்னும் படிக்கவில்லை போல, நீலக் குறி வரவில்லை.